சித்தப்பாவின் கித்தார்

கரங்கானை அடுத்த ஒரு தோட்டத்து லயத்தில் நாங்கள் குடியிருந்த காலம் அது. ஆண்டுதோறும் மாரியம்மன் திருவிழாவின் கடைசி இரவன்று கோயில் திடலில் இசை நிகழ்ச்சி நடக்கும். தகர டிரம்களின்மீது பலகை பரப்பி மேடை போடுவார்கள். கோயிலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கும். கூலிம், பாடாங் செராய், மாஹாங் என்று சுற்று வட்டாரத்திலிருந்தெல்லாம் உறவினர்கள் வந்து பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார்கள்.

2000ஆம் ஆண்டுத் திருவிழாவில் எங்கள் சித்தப்பா முதன்முறையாக மேடையேறினார். பகலில் அவர் பால்மரம் வெட்டுபவர். விடியற்காலையில் உளி பிடிக்கும் அதே விரல்கள் மாலையில் கித்தார் கம்பிகளை மீட்டும். பினாங்கில் பழைய பொருள் விற்கும் கடையொன்றில் வாங்கிய மின்கித்தார் அது. அதற்காக ஓராண்டுக்கு மேல் பணம் சேர்த்தார். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், ஒலிநாடாவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் காதால் கேட்டே பழகினார்.

அன்று அவருக்குக் கிடைத்த பாடல், 1982இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பாடிய நிலாப் பாட்டு. இளையராஜா கித்தாரை நன்கு அறிந்தவர். அந்தப் பாடலைத் தொடங்கிவைக்கும் பொறுப்பைக் கித்தாரிடமே கொடுத்திருக்கிறார். ஆகவே கித்தார் பேசவில்லை என்றால் பாட்டு தொடங்கவே முடியாது.

சித்தப்பா தொடங்கினார். கூட்டம் அமைதியானது. நான்கைந்து சுரங்கள்தான் கேட்டன. பிறகு ‘கர்... கர்...’ என்று ஓர் இரைச்சல். பிறகு ஒன்றுமே இல்லை. அவர் கம்பிகளை இன்னும் அழுத்தி மீட்டினார். விரல்கள் ஓடுவது தெரிந்தது, ஒலி வரவில்லை. பின்வரிசையில் யாரோ சீட்டியடித்தார்கள். கீபோர்டு வாசித்த அண்ணன் நிலைமையைப் புரிந்துகொண்டு அந்த இசையைத் தாமே எடுத்து வாசித்துப் பாட்டைக் காப்பாற்றினார்.

நிகழ்ச்சி முடிந்ததும் குழுவின் மூத்தவர் ஒருவர், “பழகாதவனை மேடையேற்றினால் இப்படித்தான்,” என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். சித்தப்பா பதில் பேசவில்லை. வீட்டுக்கு வந்து கித்தாரைப் பாட்டியின் பழைய சேலையில் சுற்றி அலமாரியின் மேல் வைத்துவிட்டார். அடுத்த வாரம் பட்டணத்துக் கடையொன்றில் காட்டியபோது, உள்ளே இருப்பதையெல்லாம் மாற்ற வேண்டும், நூற்றைம்பது வெள்ளி ஆகும் என்றார்களாம். மரம் வெட்டுபவரின் கையில் அவ்வளவு பணம் எங்கே இருக்கும்? கித்தார் அலமாரியிலேயே இருந்துவிட்டது. குழுவினர் வேறொருவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

மறு ஆண்டு நான் மூன்றாம் படிவத்தில் படித்தேன். வாழ்வியல் திறன் பாடத்தில் ஈயம் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். சிறிய மின்சுற்று ஒன்றைச் செய்து, விளக்கு எரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளி விடுமுறையில் ஒருநாள் சித்தப்பாவிடம், “உங்கள் கித்தாரைப் பிரித்துப் பார்க்கட்டுமா?” என்று கேட்டேன்.

“கெட்டுப்போனதுதானே பாப்பா, பார்த்துக்கொள்,” என்றார். ஆனால், அவர் அந்த அறையில் நிற்கவில்லை.

கித்தாரின் முன்பக்கத்தில் படகுபோல் குழிந்த ஓர் உலோகத் தகடு இருந்தது. அதன் நடுவில்தான் கேபிளின் முனையைச் செருகும் துளை. அதற்குப் பெயர் ஜேக். அந்தப் படகுத் தகட்டின் வரலாற்றைப் பின்னாளில் படித்தேன். கலிபோர்னியாவில் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் என்பவர் 1954இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்ட்ரேட்டோகாஸ்டர் கித்தாரில் வந்த வடிவம் அது. உலகெங்கும் உள்ள மலிவுக் கித்தார்கள் பல அதைப் பார்த்துச் செய்தவையே. லியோ ஃபெண்டருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டும் செய்தி.

துளையைச் சுற்றி ஒரு நட்டு இருந்தது. விரலால் தொட்டேன், சுழன்றது. நட்டோடு சேர்ந்து ஜேக்கும் ஆடியது. இரண்டு திருகாணிகளைக் கழற்றித் தகட்டைத் தூக்கினேன். உள்ளேயிருந்து வெள்ளையும் கறுப்புமாக இரண்டு வயர்கள் வந்தன. அவை பின்னல்போல ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருந்தன. வெள்ளை வயரில் ஒரே ஓர் இழைதான் பற்றியிருந்தது. நான் தூக்கியபோது அதுவும் விட்டுப்போனது.

சித்தப்பாவின் கித்தாரில் கெட்டுப்போனது அவ்வளவுதான்!

இந்த ஜேக் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு பழைய கேபிளைச் செருகிப் பார்த்தே புரிந்துகொண்டேன். செருகியின் நுனி குண்டூசித் தலைபோல் உருண்டிருக்கும். அதற்குக் கீழே ஒரு பள்ளம். ஜேக்கின் உள்ளே வளைந்த நாக்கு போன்ற ஒரு தகடு உண்டு. செருகியை உள்ளே தள்ளும்போது அந்த நாக்கு விலகிக்கொடுத்து, பிறகு பள்ளத்தில் ‘டக்’கென்று விழுந்து பிடித்துக்கொள்ளும். கித்தாரின் ஒலிக்குறிப்பு அந்த நாக்கு வழியாகத்தான் செல்கிறது. செருகியின் உடற்பகுதி ஜேக்கின் கழுத்தைத் தொடும். அது மின்சுற்றை நிறைவு செய்யும் தரைத்தொடர்பு. வெள்ளை வயர் நாக்குக்கும் கறுப்பு வயர் கழுத்துக்கும் உரியவை. வெள்ளை அறுந்தால் கித்தார் ஊமையாகும். கறுப்பு அறுந்தால் ஒலிபெருக்கி ‘ம்ம்ம்’ என்று பேரிரைச்சல் போடும். ஆக, மேடையில் வந்த ஒலியைக் கவனித்திருந்தாலே எந்த வயர் போனது என்று பாதி கண்டுபிடித்திருக்கலாம்.

இவ்வளவு சிறிய பொருளுக்கு நீண்ட வயது. 1870களின் இறுதியில், தொலைபேசி நிலையங்களில் ஒருவரின் இணைப்பை மற்றவரோடு கையால் இணைப்பதற்காகச் சிகாகோவில் சார்ல்ஸ் ஸ்கிரிப்னர் என்பவர் ஒரு கருவியை வடிவமைத்தார். அது மடக்குக் கத்திபோல் இருந்தது. மடக்குக் கத்திக்கு ஆங்கிலத்தில் ‘ஜேக் நைஃப்’ என்று பெயர். அதிலிருந்தே ஜேக் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கால் அங்குலத் தடிமன் கொண்ட அந்தத் தொலைபேசிச் செருகிதான் இன்றும் மின்கித்தாரில் இருக்கிறது. மில்லிமீட்டரில் சொன்னால் 6.35. தொலைபேசி கைக்குள் அடங்கிவிட்ட பிறகும் கித்தார் அதைக் கைவிடவில்லை.

சரி, வயர்கள் ஏன் முறுக்கிக்கொண்டன? அதை யோசித்தபோதுதான் எனக்குத் திக்கென்றது.

திருவிழா நாள் மாலையில், ஜேக் தளர்ந்திருக்கிறது என்று சித்தப்பா ஓர் இடுக்கியை எடுத்து வெளியிலிருந்து நட்டை இறுக்கினார். டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். உள்ளே ஜேக்கை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. நட்டைத் திருகத் திருக, அதனோடு சேர்ந்து ஜேக்கும் உள்ளே சுழன்றிருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் வயர்கள் ஒரு முறை முறுக்கேறியிருக்கின்றன. கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பதில்லையா? அதுபோலத்தான். இறுக்கியதாக நினைத்து அறுத்துவிட்டோம்.

இதை எப்படிச் சித்தப்பாவிடம் சொல்வது? அன்று மாலை தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கி வந்த அத்தையிடம்தான் முதலில் சொன்னேன். எங்கள் அத்தை கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் வேலை செய்தார். 1996இல் அந்தப் பூங்கா திறக்கப்பட்ட பிறகு எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பல பெண்கள் அங்கே வேலைக்குப் போனார்கள். இருட்டிலேயே பேருந்து ஏறி இருட்டியபின் திரும்புவார்கள். அத்தையின் வேலை மின்னணுப் பலகைகளில் பற்றவைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. அவர் வீட்டில் அதைப் பற்றிப் பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

அத்தை அறுந்த வயரைப் பார்த்தார், பிறகு நான் பள்ளியில் செய்த மின்சுற்றைக் கொண்டுவரச் சொன்னார். அதைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். “விளக்கு எரிந்தது உன் நல்ல நேரம். இதில் பாதி ‘குளிர்ப் பற்று’,” என்றார். அன்றிரவு சமையலறை மேசையில் பாடம் நடந்தது. கோலின் நுனியில் ஈயத்தை உருக்கி வயர்மேல் சொட்டவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. முதலில் வயரையும் ஜேக்கின் காதையும் சேர்த்துச் சூடேற்ற வேண்டும். அந்தச் சூட்டிலேயே ஈயம் உருகித் தானாகப் பரவ வேண்டும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த அந்தக் கம்பி ஏறத்தாழ 190 பாகை செல்சியசில் முழுதும் உருகிவிடும். பிறகு கோலை எடுத்துவிட்டு, ஆறும்வரை மூச்சுவிடாமல் பிடித்திருக்க வேண்டும். அசைத்தால் மேற்பரப்பு மங்கிச் சொரசொரப்பாகிவிடும். அதுதான் குளிர்ப் பற்று. பார்ப்பதற்குப் பிடித்திருப்பதுபோல் இருக்கும். ஆடினால் விட்டுவிடும். நல்ல பற்று பளபளவென்று, மேட்டிலிருந்து சரிவாக இறங்கும் மண்போல் படிந்திருக்கும். வேலை செய்யும்போது சன்னலைத் திறந்து வைக்க வேண்டும், முடிந்ததும் கையைக் கழுவ வேண்டும் என்பதையும் அத்தை இரண்டு முறை சொன்னார். பாட்டி வாசலில் நின்று, “பொம்பளைப் பிள்ளைகள் ரெண்டும் அடுப்படியில் என்னத்தைக் காய்ச்சுறீங்க?” என்று கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

நான்கு முறை தப்பாகப் பற்றவைத்தேன். அத்தை நான்கு முறையும் பிடுங்கிவிட்டார். ஐந்தாவது முறை அவர் ஒன்றும் சொல்லாமல் தேநீர் கலக்கப் போய்விட்டார்.

ஜேக்கைத் திரும்பப் பொருத்தும்போது, தகட்டுக்கு உட்புறம் பல் வைத்த ஒரு வாசரைச் சேர்த்தோம். சில காசுக்குக் கிடைக்கும் அந்த வாசரின் பற்கள் உலோகத்தில் பதிந்து ஜேக்கைச் சுழலவிடாமல் தடுக்கின்றன. அது எங்கள் கித்தாரில் முதலிலிருந்தே இல்லை. பின்னால் ஜேக்கை விரலால் பிடித்துக்கொண்டு, முன்னால் நட்டை ஸ்பேனரால் இறுக்கினோம். இடுக்கி நட்டின் முனைகளை வழுக்கிக் கெடுத்துவிடும். நட்டின் அளவு கித்தாருக்குக் கித்தார் மாறும். அமெரிக்க வகை ஜேக்குக்கு அரை அங்குல ஸ்பேனர் பொருந்தும், ஆசிய வகைகள் பலவற்றுக்கு மில்லிமீட்டர் அளவு தேவை. தளர்ந்துபோன நாக்கையும் மிக மெதுவாக உள்நோக்கி வளைத்துவிட்டோம். இதில் அவசரப்பட்டால் நாக்கு ஒடிந்து புது ஜேக் வாங்க வேண்டிவரும்.

சித்தப்பாவிடம் இடுக்கி விவரத்தை அத்தைதான் சொன்னார். “உன் கை கெடவில்லை அண்ணே, நட்டு சுத்தியிருக்கு. அவ்வளவுதான்.” சித்தப்பா வெகுநேரம் அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சேலையை மடித்துப் பாட்டியிடம் கொடுத்தார்.

கதை அங்கே முடியவில்லை. ஒலி வந்தது. ஆனால் சித்தப்பா எழுந்து நடந்தால் மீண்டும் ‘கர்... கர்...’. அவர் முகம் மாறியதைப் பார்த்து, என் பற்றவைப்புதான் விட்டுவிட்டது என்று பயந்தேன். அத்தை பதறவில்லை. “ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று,” என்றார். தொழிற்சாலையில் பழகிய முறை அது. பக்கத்து லயத்து நண்பரிடமிருந்து கேபிளை மட்டும் இரவல் வாங்கிச் செருகினோம். இரைச்சல் நின்றது. ஆக, கித்தார் நன்றாக இருந்தது. கேபிளில்தான் கோளாறு.

பழைய கேபிளை பிளேடால் பிளந்து பார்த்தேன். நடுவில் ஒலிக்குறிப்பைக் கொண்டுசெல்லும் மெல்லிய செப்பிழைகள், அவற்றைச் சுற்றி ஒரு காப்புறை. அதன்மேல் இன்னொரு செப்புச் சுற்று இருக்க வேண்டும். அதைக் கவசம் என்று சொல்லலாம். கித்தாரிலிருந்து வரும் மின்குறிப்பு ஒரு வோல்ட்டில் சிறு பங்குதான். அதைச் சுற்றி 50 ஹெர்ட்சில் துடிக்கும் மின்கம்பிகள், விளக்குகள், ஜெனரேட்டர் என்று எல்லாமே இரைச்சலை வீசிக்கொண்டிருக்கின்றன. கவசம் அவற்றைப் பிடித்துத் தரைத்தொடர்புக்கு அனுப்பிவிடும். எங்கள் கேபிளில் அந்தக் கவசம் சில இழைகளாக மட்டுமே இருந்தது, செருகியின் அருகே அவையும் அறுந்து பச்சையேறியிருந்தன. செருகியோ கேபிளோடு சேர்த்து வார்க்கப்பட்டிருந்ததால் திறந்து பழுதுபார்க்க வழியில்லை.

கேபிள் அறுந்ததற்குக் கேபிளை மட்டும் குறைசொல்ல முடியாது. சித்தப்பா அதைக் கழற்றும்போது செருகியைப் பிடிக்காமல் வயரைப் பிடித்து இழுப்பார். சுருட்டும்போது தாம்புக்கயிறு போல உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடையே சுற்றுவார். ஒவ்வொரு சுற்றிலும் கேபிள் உள்ளே முறுக்கேறும். ஜேக்குக்கு நடந்ததேதான் இதற்கும் நடந்தது.

புதிய கேபிளை நாங்களே செய்வதென்று முடிவுசெய்தோம். பினாங்குக் கடையில் கேபிளை மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். கடைக்காரர் பத்து மீட்டர் வாங்கிக்கொள்ளச் சொன்னார். மேடையின் குறுக்கே ஓடலாமாம்! நான் ஐந்து மீட்டர் போதும் என்றேன். இதற்குக் காரணம் உண்டு. கவசமும் நடுக்கம்பியும் நீளமாக அடுத்தடுத்து ஓடும்போது அவை ஒரு மின்தேக்கியாக வேலை செய்யத் தொடங்கும். பொதுவான கேபிளில் மீட்டருக்கு 100 பிக்கோஃபேரட் அளவில் தேக்கம் இருக்கும். நீளம் கூடக்கூட, உச்ச ஒலிகளின் கூர்மை மழுங்கும், கித்தார் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கும்.

கவசத்திலும் வகை உண்டு. பாய்போல் பின்னியது விலை கூடுதல், உழைக்கும். ஒரே பக்கமாகச் சுற்றியது வளைந்துகொடுக்கும், ஆனால் மடங்க மடங்க இழைகள் விலகி இடைவெளி விழும். மெல்லிய உலோகத்தாள் கவசம் அசையாத இடத்துக்குச் சரி, ஆடிப்பாடும் மேடைக்கு ஆகாது. நாங்கள் பின்னியதை எடுத்தோம். செருகியும் உலோக உறையைத் திருகித் திறக்கக்கூடியதாக, உள்ளே கேபிளின் தோலைக் கவ்வும் பிடிப்போடு இருந்தது. அந்தப் பிடிப்பு இருந்தால் யாராவது தடுக்கி இழுத்தாலும் பாரம் பற்றவைப்பின்மேல் விழாது. தங்க முலாம் பூசிய செருகியும் இருந்தது. துருப்பிடிக்காது என்பது உண்மை, ஒலியை இனிமையாக்கும் என்பது விற்பவர் பேச்சு. நாங்கள் அதை வாங்கவில்லை. எல்லாம் சேர்த்து முப்பது வெள்ளிக்குள் அடங்கியது.

இன்னொன்றையும் அன்று தெரிந்துகொண்டேன். ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் போகும் கேபிளும் கித்தார் கேபிளும் வெளியே ஒரே மாதிரி இருக்கும், அதே செருகி. ஆனால் ஒலிபெருக்கிக் கேபிளில் கவசம் கிடையாது. அதைக் கித்தாரில் செருகினால் இரைச்சல்தான் மிஞ்சும். உறையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

கித்தார் கம்பிகள் ஜேக்கின் கழுத்து வழியாக ஒலிபெருக்கியின் தரைத்தொடர்போடு சேர்ந்திருப்பதால், அத்தை ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். நம் வீடுகளில் மூன்று துளைச் சுவர்ச்செருகியின் மேல்துளையில் பேனாவைக் குத்தி இரண்டு முனைச் செருகியை நுழைக்கும் பழக்கம் உண்டு. கித்தார் ஒலிபெருக்கிக்கு அப்படிச் செய்யவே கூடாது. மேலே உள்ள அந்த நீண்ட முனைதான் நம்மைக் காக்கும் நிலத்தொடர்பு. 1972 மே 3ஆம் நாள், லெஸ் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துக் கித்தார் கலைஞர் வேல்சின் சுவான்சி நகர மேடையில், நிலத்தொடர்பு சரியாக இல்லாத ஒலிவாங்கியைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். அவருக்கு வயது 27. இரைச்சல் வந்தால் நிகழ்ச்சி கெடும், இதைக் கவனிக்காவிட்டால் உயிரே போகும்.

அந்த ஆண்டுத் திருவிழாவுக்குக் குழுவினர் சித்தப்பாவை அழைக்கவில்லை. அவரும் போய்க் கேட்கவில்லை. வீட்டு வாசலில் வாசித்தார். மாலையில் பந்து விளையாடிவிட்டு வரும் பையன்கள் நின்று கேட்பார்கள். ஒருநாள் கீபோர்டு அண்ணன் தம் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டுக் கடைசிவரை கேட்டார். மறு ஆண்டு, கரங்கான் பக்கத்தில் ஒரு திருமணத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது அவர்தான் வந்து கூப்பிட்டார்.

அந்தத் திருமணத்துக்கு நானும் போயிருந்தேன். மேடைக்குப் பின்னால் சித்தப்பா கேபிளைத் தோள்வாரில் ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு ஜேக்கில் செருகினார். யாராவது கால் தடுக்கினாலும் வார்தான் இழுபடும், ஜேக் இழுபடாது. பிறகு சட்டைப்பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“நீ ஒரு தரம் பார்த்துவிடு, பாப்பா.”

நட்டைத் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை. அவர் மேடையேறினார். முதல் பாட்டே அந்த நிலாப் பாட்டுதான்.